முப்பதுக்குள்

அந்தத் தெருவில் அவருக்குச் சர்வர்க்காரர் என்று பெயர். கல்யாணமான புதிதில், "மாப்பிள்ளைக்கு என்ன தொழில்?" என்று கேட்ட பெரியம்மாவிடம் அவர் மனைவி, "சர்வர் வெச்சிருக்கார்" என்று பெருமையாகச் சொல்லப்போக, "எந்த ஓட்டல்ல?" என்று அந்தம்மா கேட்டுவைத்தாள். கேட்டவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது.

சின்னச் சின்னத் தொழில் செய்கிறவர்களின் இணையதளத்துக்கும் மெயிலுக்கும் இடம் வாடகைக்கு விடுவதுதான் அவர் தொழில். சர்வர் அவர் வீட்டில் கிடையாது. எங்கோ ஒரு குளிரூட்டிய கட்டடத்தில் இருக்கிறது, அதுவே வாடகைதான். ஆனால் வருகிறவர்கள் "எங்க சார் இருக்கு நம்ம சைட்டு?" என்று முன்னறையை எட்டிப்பார்ப்பார்கள். இல்லையென்று சொன்னால் முகம் வாடிவிடும் என்று மேஜைக்கடியில் இருந்த யூபிஎஸ் பெட்டியைக் காட்டிவிடுவார். அவர்களும் அதைப் பயபக்தியோடு பார்த்துவிட்டுப் போவார்கள்.

முன்னறையில் இரண்டு மேஜை. ஒன்று அவருடையது. இன்னொன்று மனைவியுடையது. அதில் ஒரு போன், காதில் மாட்டும் கருவி, டீ டம்ளர், பல நாள்களில் உருளைக்கிழங்குத் தட்டும் கத்தியும் இருக்கும். தோல் சீவிக்கொண்டே, "ஹலோ, சொல்லுங்க சார்" என்பாள். அந்தக் குரலில் என்ன இருந்ததோ, கத்திக்கொண்டு போன் செய்தவர்கள்கூட இரண்டு நிமிஷத்தில் தங்கள் சர்க்கரை வியாதி பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். தெருவே அவளை ஹலோக்கா என்றுதான் கூப்பிட்டது. உண்மையைச் சொன்னால் வாடிக்கையாளர்களைப் பிடித்துவைத்திருந்தது சர்வர் இல்லை, அந்த ஹலோதான். அது சர்வர்க்காரருக்கும் தெரியும். ஒத்துக்கொள்ளத்தான் மாட்டார்.

வாசலில் ஒரு பலகை. "விலை ஏறாது" என்று அவரே பெயிண்டால் எழுதியது. ஊரில் எல்லாம் ஏறினாலும் தன்னிடம் ஏறாது என்பதில் அவருக்கு அப்படியொரு கர்வம்.

அந்தக் கர்வத்துக்குத்தான் ஒரு மழைநாள் காலையில் மெயில் வந்தது.

"என்னங்க, டீ ஆறுது."

"ஆறட்டும். வயிறு எரியுது, டீ ஒண்ணுதான் கேடு."

"என்ன ஆச்சு?"

"பேனல் கம்பெனிக்காரன் திட்டத்தையே மாத்திட்டான். இத்தனை நாளா சர்வருக்கு ஒரு லைசென்ஸ். உள்ள பத்துக் கணக்கு இருக்கா, நூறு இருக்கான்னு அவன் கேட்டதே இல்ல. இனிமே தலைக்கு இவ்வளவாம்."

"யார் தலைக்கு?"

"கணக்குத் தலைக்கு. முப்பது கணக்கு வரைக்கும் ஒரு விலை. முப்பத்தொண்ணு ஆச்சுன்னா அடுத்த படி, நூறு வரைக்கும். அந்த விலையைப் பாத்தா தலை சுத்துது."

"நம்மகிட்ட எத்தனை?"

"ஐம்பதுக்கு மேல."

"அடப் பாவமே. நடுவுல ஒண்ணும் இல்லையா? ஐம்பதுக்கு ஒண்ணு, அறுபதுக்கு ஒண்ணுன்னு?"

"செருப்புக் கடையா வெச்சிருக்கான், எல்லா அளவும் இருக்க?"

பேனல் என்பது வேறொன்றுமில்லை. வாடகைக்கு இருக்கும் ஒவ்வொருவரும் தன் இடத்துக்குள் நுழைந்து, தன் படங்களை மாற்றி, தன் மெயில் பெட்டிகளைத் திறந்து மூடிக்கொள்கிற மென்பொருள். ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு பாஸ்வேர்டு. ஒருவர் அறை இன்னொருவருக்குத் தெரியாது. அது இல்லாவிட்டால் சர்வர்க்காரருக்குக் கை உடைந்த மாதிரி.

"அப்ப விலையை ஏத்துங்க" என்றாள் அவள்.

"வாசல்ல என்ன எழுதியிருக்கு?"

"நாமதானே எழுதினோம். சாமியா வந்து எழுதிச்சு?"

"ஏத்தினா பாதிப் பேர் ஓடிடுவாங்க. உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு." கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். "ஒரு வழி இருக்கு. சின்னச் சின்ன ஆளுங்களை எல்லாம் என் சொந்தக் கணக்குக்குள்ள கொண்டுவந்துடறேன். வெளியில இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது. அவங்க சைட் அவங்களுது, அவங்க மெயில் அவங்களுது. உள்ள மட்டும் எல்லாரும் ஒரே கணக்கு. முப்பதுக்குள்ள அடங்கிடும்."

"ஒரே கணக்குன்னா ஒரே சாவிதானே?"

"சாவி என்கிட்டதானே இருக்கப்போகுது."

"அவங்க உள்ள போகணும்னா?"

"எதுக்குப் போகணும்? பாதுகாப்புக்காக நிறுத்தி வெச்சிருக்கோம், எது வேணும்னாலும் எங்களைக் கேளுங்கன்னு சொல்லிடு. நீ சொன்னா நம்புவாங்க."

அவள் உருளைக்கிழங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது சரியாங்க?"

"ஊர்ல எல்லாரும் பண்றதுதான்."

ஊரில் எல்லாரும் பண்ணுவதைப் பட்டியல் போட்டால் எங்கே போய் முடியும் என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அந்த வாரம் முழுக்க மழை. முன்னறையின் மூலையில் கூரை ஒழுகி, வாளியில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. சர்வர்க்காரர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஒவ்வொருவர் தளத்தையும் நகல் எடுப்பார், பழைய கணக்கை நீக்குவார், தன் கணக்குக்குள் புதுசாகச் சேர்ப்பார், மெயில் பெட்டிகளை ஒவ்வொன்றாக மறுபடி உண்டாக்குவார், பழைய மெயிலை உள்ளே கொட்டுவார், தனக்கே ஒரு சோதனை மெயில் அனுப்பிப் பார்ப்பார். பூக்கடை, கண்ணாடிக் கடை, பல் வைத்தியர், வக்கீலம்மா, மேளக்காரர், டிரைவிங் ஸ்கூல். ஒரு படம் தொலையவில்லை, ஒரு மெயில் தொலையவில்லை. வேலை என்று பார்த்தால் சுத்தமான வேலை. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

அந்தப் பக்க மேஜையில் அவள் போன் செய்துகொண்டிருந்தாள். "ஹலோ சார். ஒண்ணுமில்ல, பாதுகாப்புக்காகப் பேனலை நாங்களே பாத்துக்கறோம். உங்க மெயில் பத்திரமா இருக்கு. யாரும் பாக்க முடியாது. நான் சொல்றேன்ல?" ஒவ்வொருவரும் "நீங்க சொன்னா சரிதாம்மா" என்றார்கள். முதல் நாலைந்து பேருக்குத் தாளில் எழுதிவைத்துப் படித்தாள். அப்புறம் பழகிவிட்டது. பொய் பழகுகிற வேகம் இருக்கிறதே, அதைப் போல ஒன்றைப் பார்க்க முடியாது.

டிரைவிங் மாஸ்டருக்குத்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் வாரா வாரம் திங்கட்கிழமை காலையில் போன் செய்கிற மனிதர். தனியாள். மனைவி போய் வெகுநாளாயிற்று. ஒரே மகன் வெளிநாட்டில். கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிற எல்லாரிடமும், கியர் மாற்றச் சொல்லிக்கொடுக்கிற இடைவெளியில், "நேத்து பையன் எழுதியிருந்தான்" என்று ஆரம்பிப்பார். அங்கே பனி பெய்கிறதாம், புதுசாகச் சமையல் கற்றுக்கொண்டிருக்கிறானாம். தெருவில் பாதிப் பேர் அந்தப் பையனின் சௌக்கியத்தைக் கேட்டுக்கொண்டேதான் லைசென்ஸ் வாங்கினார்கள்.

"ஏம்மா, மெயில் போகுதா?" இதுதான் அவருடைய திங்கட்கிழமைக் கேள்வி.

"போகுது சார்."

"சர்வர்ல ஏதும் கோளாறு இல்லையே?"

"ஒரு கோளாறும் இல்ல சார். நல்லா ஓடுது."

"அப்ப சரி. பையன் பதில் போட்டிருப்பான், பாக்கறேன்."

போனை வைத்ததும் சர்வர்க்காரர், "வந்துட்டாருய்யா இன்ஸ்பெக்டர். என் சர்வர் மேல அவருக்கு என்னதான் சந்தேகமோ" என்று முணுமுணுப்பார். இனிமேல் பேனலுக்குள் போக முடியாது என்று அவள் சொன்ன அன்று மாஸ்டர், "என் பெட்டியை வேற யாராச்சும் திறக்க முடியுமாம்மா?" என்று கேட்டார்.

"முடியாது சார். அது உங்களுது."

"நீங்க சொன்னா சரி."

இப்படியே ஓடியிருக்கும். ஹலோக்காவின் அண்ணன் இல்லாமல் இருந்திருந்தால்.

அண்ணனுக்குப் பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் ரிப்பேர் செய்கிற கடை. நல்ல வேலைக்காரன், வாய்தான் நீளம். அவன் தளமும் இந்தக் கும்பலுக்குள் வந்துவிட்டது. பண்டிகைத் தள்ளுபடியைத் தானே போட்டுக்கொள்ள வேண்டும், பாஸ்வேர்டு கொடு என்று பிடித்த பிடியில் நின்றான்.

"நான் போட்டுத் தரேன் மச்சான்."

"உங்களுக்கு ஆயிரம் வேலை மாப்ள. நான் மணிக்கொரு தடவை மாத்துவேன். ஏன், என்மேல நம்பிக்கை இல்லையா?"

இந்தக் கேள்வியை மச்சான் கேட்டுவிட்டால் எந்த மாப்பிள்ளையால் என்ன சொல்ல முடியும்? கொடுத்தார். "உங்க போல்டரை மட்டும் பாருங்க மச்சான். மத்ததுல கை வெச்சுடாதீங்க." மனைவியிடம் இதை அவர் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் சாப்பிட வந்தான். சோறும் முட்டைக் கறியும், நன்றாக முறுக வறுத்த உருளைக்கிழங்கும். அண்ணனுக்குப் பிடிக்கும் என்று அடுப்படியில் வேர்த்து விறுவிறுத்துச் செய்திருந்தாள். அவன் இரண்டாம் தடவை சோறு வாங்கிக்கொண்டு சிரித்தான்.

"மாப்ள, உங்க டிரைவிங் மாஸ்டர் பலே ஆளுதான்."

"ஏன் மச்சான்?"

"பையன் எழுதினான், பையன் எழுதினான்னு ஊரெல்லாம் பீத்திக்கறாரே, உள்ள போய்ப் பாத்தா வந்த பெட்டியில ஒண்ணு கிடையாது. வெறும் விளம்பரம். அனுப்பின பெட்டிதான் ரொம்பி வழியுது. எல்லாம் அவனுக்குத்தான். 'சாப்பிட்டியாப்பா, ஒரு வரி போட்டா போதும்பா'ன்னு. பனி பெய்யுதுன்னு அளக்கறாரே, அதெல்லாம் மனுஷன் டிவியில பாத்துட்டுச் சொல்றாரு போல!"

சர்வர்க்காரர் சிரித்துவிட்டார். வாய் நிறையச் சோறு இருந்தது, அதோடு சிரித்தார். மனைவியின் முகத்தைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

"உனக்கு எப்படித் தெரியும்ண்ணே?" என்றாள் அவள். கரண்டி கையிலேயே இருந்தது.

"பேனல்ல எல்லார் பேரும் வரிசையா நிக்குதே. ஒரு தட்டு தட்டினா திறந்துக்குது. பாஸ்வேர்டுகூடக் கேக்கல."

"வேற யாரோடதைப் பாத்தே?"

"ரெண்டு மூணு. எல்லாம் போர். இது ஒண்ணுதான் சுவாரசியம். என்ன, ஏன் இப்படிப் பாக்கறே? நான் என்ன திருடினேனா? கதவைத் திறந்து போட்டிருந்தீங்க, எட்டிப் பாத்தேன்."

அவள் கறிச் சட்டியை மூடினாள். அண்ணன் கை கழுவிக்கொண்டு, கடன்காரனுக்குக்கூட இப்படி முகம் காட்ட மாட்டார்கள் என்று முனகியபடி போனான்.

தட்டுகளைத் தேய்த்துக்கொண்டே அவள் கேட்டாள். "சாவியை அவன்கிட்ட குடுத்தீங்களா?"

"படின்னு சொன்னேனா நான்? அவருக்கு அறிவு வேண்டாமா?"

"யாரும் பாக்க முடியாதுன்னு நான் சொன்னேங்க. நான். என் வாயால. ஒவ்வொருத்தர்கிட்டயும்."

"சரி, பாஸ்வேர்டை இப்பவே மாத்திடறேன். மச்சான்கிட்டயும் சொல்லி வெப்போம். வெளியில யாருக்கும் தெரியப்போறதில்ல."

"அவரு கேட்டாருங்க. வேற யாராச்சும் திறக்க முடியுமான்னு. முடியாதுன்னேன். சிரிச்சுக்கிட்டே சொன்னேன்." தட்டைத் தொட்டியிலேயே போட்டுவிட்டு முந்தானையை முகத்தில் அழுத்திக்கொண்டாள். "கூசுதுங்க எனக்கு. நாளைக்கு அவரு போன் பண்ணுவாரு. நான் என்னன்னு எடுப்பேன்?"

சர்வர்க்காரருக்கு அப்போதுதான் சோற்று வாயோடு சிரித்தது ஞாபகம் வந்தது. அவர் சமையலறை வாசலில் நின்றபடியே நின்றார். உள்ளேயும் வர முடியவில்லை, வெளியேயும் போக முடியவில்லை.

"என்ன பண்ணணும்கறே?"

"எல்லாருக்கும் நான் சொல்லப்போறேன். லைசென்ஸ் செலவுக்குப் பயந்து எல்லாரையும் ஒரே கணக்குல போட்டோம், பாதுகாப்புன்னு சொன்னது பொய்னு. நீங்க அந்தப் பெரிய திட்டத்தை வாங்குங்க. ஆளுக்கொரு கணக்கு திரும்பக் குடுங்க. விலையை ஏத்துங்க. போறவங்க போகட்டும்."

"போயிடுவாங்க."

"போகட்டும்னுதான் சொல்றேன்."

அன்றைக்கே உட்கார்ந்தாள். உருளைக்கிழங்குத் தட்டு இல்லை, டீ இல்லை. "ஹலோ சார், ஒரு விஷயம் சொல்லணும். நான் உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன்." கண்ணாடிக் கடைக்காரர், "அட போங்கம்மா, என் மெயில்ல என்ன புதையலா இருக்கு" என்றார். பல் வைத்தியர் விலையைப் பற்றி மட்டும் கேட்டார். வக்கீலம்மா வாய்க்கு வந்தபடி திட்டினார். ஹலோக்கா ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டாள். காதுக்கருவியைத் தாண்டி அந்தத் திட்டு முன்னறை முழுக்கக் கேட்டது. சர்வர்க்காரர் கணக்குகளைத் திரும்பப் பிரித்துக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை. ஒரு கட்டத்தில், "இன்னும் கொஞ்சப் பேர் போனா நிஜமாவே முப்பதுக்குள்ள வந்துடுவோம்" என்று சொல்லிப்பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

மாஸ்டருக்கு மட்டும் அவள் போன் செய்யவில்லை. நேரில்தான் சொல்ல வேண்டும் என்றாள். அண்ணனையும் கூப்பிட்டாள். "எனக்கு வேற பொழப்பு இல்லையா" என்று வைத்துவிட்டான். சர்வர்க்காரர் தானாகவே செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார்.

திங்கட்கிழமை, மாஸ்டர் போன் செய்வதற்கு முன்பே போய்விட்டார்கள். டிரைவிங் ஸ்கூல் என்பது ஒரு ஷட்டர் கடையும் அதன் முன்னால் நிற்கும் ஒரு பழைய காரும்தான். மழை தூறிக்கொண்டிருந்தது. "நனையாதீங்க, வண்டிக்குள்ள உக்காருங்க" என்று கதவைத் திறந்துவிட்டார் மாஸ்டர். ஹலோக்கா ஸ்டீரிங் பக்கம் உட்கார வேண்டியதாயிற்று, ஏனென்றால் அவர் தன் வழக்கமான இடத்தில் ஏறிவிட்டார். அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர்கள் தவறு செய்தால் இவர் மிதிப்பார். சர்வர்க்காரர் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்தார்.

"என்னம்மா, ரெண்டு பேரும் சேர்ந்து வந்திருக்கீங்க? வண்டி கத்துக்கப் போறீங்களா?"

அவள் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. லைசென்ஸ் மாறியது, ஒரே கணக்கில் போட்டது, பாதுகாப்பு என்று பொய் சொன்னது, அண்ணனிடம் சாவி போனது. ஸ்டீரிங்கையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"உங்க பெட்டியைத் திறந்து பாத்துட்டான் சார். யாரும் பாக்க முடியாதுன்னு நான்தான் சொன்னேன். மன்னிச்சுடுங்கன்னு கேக்கக்கூட எனக்கு வாய் வரல."

வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது. ஆனாலும் அவர் கால் பிரேக்கை அழுத்தியது. அது கிறீச்சென்றது.

"எதைப் படிச்சாரும்மா?" என்றார். "வந்ததையா, அனுப்பினதையா?"

"அனுப்பினதை."

கண்ணாடியில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவர் அதைத் துடைக்கிற மாதிரி உள்பக்கம் கையால் தேய்த்தார்.

"ஒண்ணு கேக்கறேன். எல்லாரையும் ஒரே கணக்குல போட்டீங்க இல்லையா, அதனால சர்வர்ல கோளாறு ஆகி, என் மெயில் அங்க போய்ச் சேராம இருந்திருக்குமா? இல்ல, அவன் போட்டது இங்க வராம?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பின்னால் உட்கார்ந்திருந்த சர்வர்க்காரருக்கு அது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. என் தப்புதான் சார், சர்வர்தான் சரியில்ல என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டார். தன் சர்வரைப் பற்றி ஒரு குறை சொல்லப் பொறுக்காத மனிதர்.

அவள் முந்திக்கொண்டாள். "இல்ல சார். ஒண்ணு விடாமப் போய்ச் சேந்துது. கோளாறு எதுவும் இல்ல." அழுதுகொண்டே சொன்னாள். "இன்னொரு பொய் என்னால சொல்ல முடியாது சார்."

மாஸ்டர் தலையை ஆட்டினார். பாடம் சரியாகச் சொன்ன பிள்ளையிடம் ஆட்டுகிற மாதிரிதான் ஆட்டினார். பிறகு, "பத்து மணிக்கு ஒரு பொண்ணு வரும், ரிவர்ஸ் எடுக்கச் சொல்லித் தரணும்" என்றார். அவர்கள் இறங்கிக்கொண்டார்கள்.

வாரம் முடிவதற்குள் எல்லாரும் அவரவர் கணக்குக்குத் திரும்பிவிட்டார்கள். கொஞ்சப் பேர் வேறிடம் போனார்கள். ஆனாலும் கணக்கு முப்பதைத் தாண்டித்தான் இருந்தது. பெரிய லைசென்ஸ் வந்தது, விலை ஏறியது. பலகையைக் கழற்றிய இடத்தில் சுவர் வெளுத்துப் பளிச்சென்று தெரிந்தது, போகிறவர் வருகிறவர் எல்லாம் அதைத்தான் முதலில் பார்த்தார்கள். மாஸ்டருக்கும் தனிக் கணக்கு. புதுப் பாஸ்வேர்டை அவரே போட்டுக்கொள்ளும்படி செய்து கொடுத்தார் சர்வர்க்காரர்.

அடுத்த திங்கட்கிழமை ஹலோக்கா காலையிலேயே மேஜையில் வந்து உட்கார்ந்துவிட்டாள். கிழங்கு சீவினாள். போன் வந்தது, பூக்கடைக்காரி. மறுபடி வந்தது, பல் வைத்தியர். பத்து மணி ஆயிற்று, பதினொன்றும் ஆயிற்று. கிழங்குத் தட்டு காலியாகியும் அவள் எழுந்திருக்கவில்லை.

"போன் பண்ணலையே" என்றார் சர்வர்க்காரர்.

"ம்."

"உடம்பு கிடம்பு சரியில்லையோ என்னவோ."

"காலையில வண்டியில போனாரு. நான் பாத்தேன். அந்தப் பொண்ணுதான் ஓட்டிச்சு."

சர்வர்க்காரர் தன் திரைப் பக்கம் திரும்பினார். மெல்ல மவுஸ் பக்கம் கை போனது. சர்வர்க்காரர் நினைத்தால் எந்தக் கணக்கில் மெயில் போகிறது, போகவில்லை என்று ஒரு நொடியில் பார்த்துவிடலாம். படிக்க வேண்டாம். போயிருக்கிறதா என்று மட்டும்.

"பையனுக்கு எழுதறாரா, இல்ல அதையும் விட்டுட்டாரான்னு மட்டும்..."

"பாக்காதீங்க" என்றாள்.

கையை எடுத்துக்கொண்டார். இருவரும் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அது மறுபடி அடித்தபோது பாய்ந்து எடுத்தாள். கண்ணாடிக் கடைக்காரர்.

"ஹலோ, சொல்லுங்க சார்" என்றாள். அந்தப் பக்கம் அவர், "யாரும்மா பேசறது? ஹலோக்கா இல்லையா?" என்று கேட்டார்.